டிரக்கின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்: வடிப்பதா, பேனைக் கழற்றுவதா, முழுதும் மாற்றுவதா?

எஞ்சின் ஆயிலைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுகிறவர்கள்கூட, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் என்றதும் ஓரடி பின்வாங்குவார்கள். தயக்கம் நியாயமானதுதான். எஞ்சினின் அடித்திருகைத் திறந்தால் ஏறக்குறைய எல்லா ஆயிலும் வடிந்துவிடும். ஊற்றும்போது அளவு கொஞ்சம் முன்பின் ஆனாலும் எஞ்சின் பொறுத்துக்கொள்ளும். கியர்பாக்ஸில் இந்த இரண்டு சலுகையும் கிடையாது. மொத்தம் 12 லிட்டர் பிடிக்கும் ஒரு பிக்கப் டிரக்கின் கியர்பாக்ஸை அடியில் திறந்தால் 5 லிட்டர் வந்தால் பெரிது. மிச்சம் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும், ஆயிலைக் குளிர்விக்கும் கூலரிலும், கூலருக்குப் போய்வரும் குழாய்களிலும் ஒளிந்துகொள்ளும். உள்ளே தங்கிவிடும் அந்த 7 லிட்டரை என்ன செய்வது என்பதில்தான் எல்லா வாக்குவாதமும்.

தொடாமல் விடலாம். வடித்து, வடிந்த அளவுக்கு ஊற்றலாம். கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தங்கும் தட்டான பேனைக் கழற்றி ஃபில்டரையும் சேர்த்து மாற்றலாம். கூலர் குழாய் வழியாகப் பழையதை வெளியே தள்ளிவிட்டுப் புதியதை ஏற்றலாம். பட்டறையில் எந்திரத்தை மாட்டி மாற்றச் சொல்லலாம். இவற்றில் எது நல்லது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் எதில் புது ஆயில் அதிகம் ஏறும் என்பதையே மனதில் வைத்துக் கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு: இந்த வண்டியில் ஆயில் மட்டத்தை எப்படிச் சரிபார்ப்பது? அதற்கு விடை தெரிந்தால் பாதித் தேர்வு தானாகவே முடிந்துவிடும்.

காரணம், இந்த ஆயில் செய்யும் வேலை. எஞ்சின் ஆயில் முக்கியமாக உராய்வைக் குறைக்கிறது. கியர்பாக்ஸ் ஆயில் அதைச் செய்வதோடு, எஞ்சினின் விசையை டார்க் கன்வெர்ட்டர் வழியாகக் கடத்துகிறது. அழுத்தமாகப் போய் கிளட்ச் தகடுகளை இறுக்குகிறது. சூட்டை அள்ளிக்கொண்டு கூலருக்குப் போகிறது. மட்டம் குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், அழுத்தம் விழும், கிளட்ச் வழுக்கும். மட்டம் கூடினால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரையிலும் காற்றுதான் இருக்கிறது, அதிலும் கிளட்ச் வழுக்கும். ஆக, 90 சதவீதம் புது ஆயிலை ஏற்றிவிட்டு ஒரு லிட்டர் தவறாக விட்டவரைவிட, 40 சதவீதம் மாற்றி மட்டத்தைச் சரியாக நிறுத்தியவரின் கியர்பாக்ஸ் நிம்மதியாக ஓடும்.

தொடாமல் விடுவது

"ஆயுட்காலத்துக்குப் போதுமான ஆயில்" என்று சில தயாரிப்பாளர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். யாருடைய ஆயுள் என்பதை மட்டும் சொல்வதில்லை. ராம் 1500 டிரக் உள்பட எத்தனையோ வண்டிகளில் இருக்கும் எட்டு கியர் பெட்டியை வடிவமைத்த ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுகளுக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. பெட்டியைச் செய்தவர் மாற்றச் சொல்கிறார், அதை வண்டியில் பொருத்தி விற்பவர் வேண்டாம் என்கிறார் என்றால், நான் செய்தவர் பக்கம்.

ஆயிலைக் கெடுப்பது கிலோமீட்டரைவிடச் சூடுதான். 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை பல கியர்பாக்ஸ்களுக்குச் சாதாரண வேலை வெப்பம். அதற்கு மேல் ஒவ்வொரு 10, 11 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்று மெக்கானிக்குகளிடையே ஒரு கைக்கணக்கு உண்டு. டிரெய்லரை இழுத்துக்கொண்டு மலையேறும் டிரக்கில் ஒரு கோடைக்காலம் செய்யும் சேதத்தை, சமவெளியில் வெறுமனே ஓடும் டிரக்கில் பல ஆண்டுகள் செய்யாது. சுமை இழுக்காத, வெயிலில் ஊர்ந்து நிற்காத வண்டியென்றால் கையேட்டில் சொன்ன நீண்ட இடைவெளியைத் தாராளமாக நம்பலாம். மற்றவர்கள் அதே கையேட்டில் கடும் பயன்பாடு என்ற தலைப்பின் கீழே உள்ள சிறிய எழுத்துகளைப் படிக்க வேண்டும்.

தொடாமல் விடுவதே சரியான முடிவாக இருக்கும் இடமும் ஒன்று உண்டு. கியர் ஏற்கெனவே வழுக்குகிறது, எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை என்ற நிலையில் ஆயில் மாற்றம் வைத்தியம் ஆகாது. மட்டத்தை மட்டும் பாருங்கள்; அது சரியாக இருந்தும் வழுக்கினால் தேய்ந்திருப்பது கிளட்ச் தகடுகள். புது ஆயில் ஊற்றியதால் கியர்பாக்ஸ் செத்தது என்று சொல்லப்படும் கதைகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. சாகக் கிடந்ததற்குக் கடைசி நேரத்தில் ஆயில் மாற்றினார்கள். பழி புது ஆயில்மேல் விழுந்தது.

வடித்து ஊற்றுவது

அடியில் டிரெயின் பிளக்கும் (வடிக்கும் திருகு) மேலே டிப்ஸ்டிக்கும் (மட்டம் பார்க்கும் கம்பி) இருந்தால் வீட்டில் செய்வதற்கு இதைவிட எளிய வேலை இல்லை. வடிந்ததை அளந்து, அதே அளவு ஊற்றி, எஞ்சினை ஓட்டி, மட்டம் பார்த்தால் முடிந்தது. டிரக்குக்குத் தரையிலிருந்து உயரம் அதிகம் என்பதால் பல நேரம் ஜாக்கிகூடத் தேவைப்படாது. சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்துவிட்டு அடியில் ஊர்ந்து போகலாம். தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் நான்கு பக்கமும் ஸ்டாண்டு வைத்துச் சமமாகத் தூக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் தூக்கினால் மட்டம் பொய் சொல்லும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பது எந்த வேலைக்கும் கூடாது.

புது ஆயிலின் பங்கைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 லிட்டரில் 5 லிட்டர் மாற்றினால் 42 சதவீதம் புதிது. சில நூறு கிலோமீட்டர் ஓட்டிக் கலக்கவிட்டு மீண்டும் அதையே செய்தால் 66 சதவீதம். மூன்றாம் முறைக்குப் பிறகு 80. மூன்று முறைக்கும் சேர்த்து 15 லிட்டர் செலவாகியிருக்கும், அதில் ஒரு பங்கு புது ஆயில் பழையதோடு கலந்து வீணாகத்தான் வடிந்திருக்கும். ஆயிலில் சிக்கனம் பார்ப்பவருக்கு இது மோசமான பேரம். ஆனால் ஒவ்வொரு முறையும் வேலை அரை மணி நேரம்தான், தவறு நேரும் இடமும் மிகக் குறைவு. இடைவெளி விட்டு ஒழுங்காக வடித்து ஊற்றிவரும் வண்டிக்கு வேறு எதுவும் தேவையில்லை என்றுகூடச் சொல்வேன்.

குறை ஒன்று: ஃபில்டர் உள்ளேயே இருந்துவிடுகிறது, பேனின் அடியில் இருக்கும் காந்தத்தையும் பார்க்க முடிவதில்லை. இதற்கு விதிவிலக்கு சில பெரிய டிரக்குகளில் வரும் அலிசன் 1000 என்ற கியர்பாக்ஸ். அதற்கு எஞ்சின் ஆயில் ஃபில்டரைப் போலவே வெளியில் திருகி மாட்டும் ஃபில்டர் உண்டு. பேனைக் கழற்றாமலே ஆயிலும் ஃபில்டரும் மாற்றலாம். எல்லாரும் இப்படிச் செய்திருக்கலாமே என்று டிரக்கின் அடியில் படுத்திருக்கும் ஒவ்வொரு முறையும் தோன்றும்.

பேனைக் கழற்றுவது

வடியும் ஆயில் இதிலும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆனாலும் முதல்முறை செய்பவர்களுக்கு, குறிப்பாகப் பழைய வண்டி வாங்கியவர்களுக்கு, நான் இதையே சொல்வேன். ஏனென்றால் கியர்பாக்ஸின் உடல்நிலையை அறியக் கிடைக்கும் ஒரே சன்னல் இது. பேனில் உள்ள காந்தத்தில் சாம்பல்நிறப் பசைபோல மெல்லிய படலம் இருந்தால் கவலை வேண்டாம். அது இயல்பான தேய்மானம். ஊசி ஊசியாக, செதில் செதிலாக இரும்பு கிடந்தால் உள்ளே ஏதோ உடைகிறது. பித்தளை நிறத்தில் மின்னும் துகள், சுழலும் தண்டுகளைத் தாங்கும் புஷ்ஷிலிருந்து வருவது. அது காந்தத்தில் ஒட்டாது என்பதால் பேனின் அடியைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். ஆயில் இளஞ்சிவப்புப் பாலாக இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் உடைந்து, குளிர்நீர் கலந்திருக்கிறது. அப்போது ஆயிலை மாற்றி மட்டும் பயனில்லை, கிளட்ச் தகடுகளின் உராய்வுப் பூச்சைப் பிடித்திருக்கும் பசையை அந்தக் கலவை கரைத்துவிடும்.

நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். புது ஆயிலின் சிவப்பு வெறும் சாயம். கசிவு எங்கிருந்து வருகிறது என்று அடையாளம் காணப் போட்டது. அது ஓட்டத்தில் பழுப்பாவது இயற்கை. கருத்து, கருகிய வாடையும் சேர்ந்து வந்தால்தான் யோசிக்க வேண்டும். மூக்கு கண்ணைவிட நல்ல சாட்சி.

இந்த வழியின் தொல்லை அழுக்கு. சில பழைய டிரக்குகளின் பேனில் டிரெயின் பிளக்கே கிடையாது. ஐந்து லிட்டரும் பேனின் விளிம்பு வழியாகத்தான் இறங்கும். ஒரு பக்கத்து போல்ட்டுகளை முழுதும் எடுத்துவிட்டு, எதிர்ப்பக்கத்தில் இரண்டை மட்டும் தளர்த்தி வைத்து, பேனை மெல்லச் சாய்த்து வடிப்பதுதான் தந்திரம். அப்படியும் முழங்கைவரை நனையும். ஆயில் கைபொறுக்கும் சூட்டில் இருக்கட்டும். ஓடி முடித்த உடனே திறந்தால் கை வெந்துவிடும். சில வண்டிகளில் புகைபோக்கிக் குழாய் பேனுக்குக் குறுக்கே ஓடும், அதை அசைக்காமல் பேன் வராது. வேலையைத் தொடங்கும் முன் அடியில் படுத்து ஒருமுறை எல்லாவற்றையும் பார்த்துவிடுவது நல்லது.

ஃபில்டரின் கழுத்தில் ஒரு சிறிய ரப்பர் சீல் இருக்கும். ஃபில்டரை இழுக்கும்போது அது சில நேரம் மேலே துளைக்குள்ளேயே தங்கிவிடும். ஒருமுறை நான் அதைக் கவனிக்காமல் புதிய சீலோடு புதிய ஃபில்டரைத் தட்டி ஏற்றிவிட்டேன். பேனை மூடி, ஆயில் ஊற்றி, எஞ்சினைக் கிளப்பியதும் பம்ப் கொசுபோல ரீங்காரம் செய்தது. ஃபில்டர் சரியாக உட்காராமல் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. பேன் மறுபடி இறங்கியது, புது ஆயில் முழுதும் தொட்டிக்குப் போனது. அதன் பிறகு டார்ச் அடித்துத் துளைக்குள் பார்க்காமல் நான் எதையும் ஏற்றுவதில்லை. சில பெட்டிகளில் ஒன்றுக்கு இரண்டு ஃபில்டர்: ராமின் கனரக டிரக்குகளில் 2024 மாடல் வரை வந்த 68ஆர்.எஃப்.இ. பெட்டியில் தட்டையான ஒன்றும், திருகி மாட்டும் ஒன்றும் பேனுக்குள்ளேயே இருக்கும். ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு அடியில் போனால் பேனைத் திறந்த பிறகுதான் தெரியும்.

போல்ட்டுகளை இறுக்குவதில் பலம் காட்டக் கூடாது. பல டிரக்குகளில் இவற்றுக்கு 10 நியூட்டன் மீட்டரை ஒட்டிய இறுக்கம்தான் சொல்லப்பட்டிருக்கும். மணிக்கட்டு அசைவிலேயே அது வந்துவிடும். கசியக் கூடாதே என்று மேலும் இறுக்கினால் பேனின் விளிம்பு வளைந்து, அதனாலேயே கசியும். உலோகத் தகட்டின்மேல் ரப்பர் வார்த்த கேஸ்கட் வண்டியோடு வந்திருந்தால், கிழியாதவரை அதையே மீண்டும் போடலாம்; கடையில் கிடைக்கும் கார்க் கேஸ்கட்டைவிட அது மேல்.

கூலர் குழாய் வழியாக முழுதும் மாற்றுவது

கியர்பாக்ஸின் சொந்தப் பம்பை வைத்தே பழையதை வெளியேற்றும் வழி இது. கூலரிலிருந்து கியர்பாக்ஸுக்குத் திரும்பி வரும் குழாயைக் கழற்றி, கண்ணாடிபோல் தெரியும் ஒரு ஹோஸை மாட்டி, அளவுக்கோடு போட்ட வாளிக்குள் விட வேண்டும். எஞ்சினைக் கிளப்பி 2 லிட்டர் வந்ததும் நிறுத்தி, 2 லிட்டர் ஊற்ற வேண்டும். இப்படியே நிறம் மாறும்வரை தொடர வேண்டும். பேனைக் கழற்றி ஃபில்டரை மாற்றிய கையோடு இதையும் செய்தால் 12, 13 லிட்டரிலேயே புது ஆயிலின் பங்கு 90 சதவீதத்தை நெருங்கிவிடும். மூன்று முறை வடித்தாலும் கிடைக்காத பலன் ஒரே பிற்பகலில் கிடைக்கிறது.

காகிதத்தில் பார்த்தால் இதுதான் வெற்றியாளர். நடைமுறையில் மூன்று முட்டுக்கட்டைகள். ஒன்று, ஆள்: சாவியருகே ஒருவர், வாளியருகே ஒருவர். தனியாகச் செய்தால் நிறுத்த ஓடுவதற்குள் பேன் வறண்டு பம்ப் காற்றைக் குடிக்கும். இரண்டு, எது திரும்பி வரும் குழாய் என்று கண்டுபிடிப்பது. சில வண்டிகளின் பிளாஸ்டிக் கிளிப்புகள் கழற்றும்போதே உடையும், மாற்றுக் கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. மூன்றாவதை நிறையப் பேர் அறிவதில்லை. புதிய டிரக்குகள் பலவற்றில் கூலருக்குப் போகும் வழியில் தெர்மோஸ்டாட் வால்வு இருக்கும். ஆயில் போதுமான அளவு சூடாகும்வரை அது கூலருக்கு ஆயிலை விடாது. குளிர்ந்த வண்டியில் குழாயைக் கழற்றிவைத்துவிட்டு, ஒன்றும் வரவில்லையே, பம்ப் போய்விட்டதா என்று பதறியவர்கள் உண்டு.

டிப்ஸ்டிக் இருக்கிறது, உதவிக்கு ஆள் இருக்கிறார், ஆயில் மிகவும் பழையது என்ற மூன்றும் சேர்ந்தால் மட்டும் இதைத் தேர்ந்தெடுங்கள்.

பட்டறை எந்திரம்

இதில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கூலர் குழாயில் மாட்டி, வெளியே வரும் அளவுக்கு உள்ளே விடும் எந்திரம் மேலே சொன்ன வேலையையே சுத்தமாகச் செய்கிறது; அதில் குற்றம் இல்லை. கரைப்பான் மருந்தை ஊற்றி அழுத்தத்தோடு எதிர்த்திசையில் கழுவுவது வேறு. அடியில் அமைதியாகப் படிந்திருந்த கசடைக் கிளப்பி ஆயிலை அந்தந்தக் கிளட்சுக்குத் திருப்பிவிடும் வால்வ் பாடியின் நுண்ணிய வழிகளுக்குள் அனுப்பிவிடும் அபாயம் அதில் இருக்கிறது. அதற்கு நான் வண்டியைக் கொடுக்க மாட்டேன்.

நல்ல எந்திரமானாலும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். பேனைக் கழற்றி ஃபில்டர் மாற்றுவீர்களா? எந்த ஆயில் ஊற்றுவீர்கள்? இரண்டாவது கேள்விக்கு ஒரு பட்டறையில் மூலையில் இருந்த பீப்பாயைக் காட்டினார்கள். எல்லா வண்டிக்கும் அதுதானாம். நான் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஆயில் பெயர் அப்படி அலட்சியமாக விடக்கூடிய விஷயம் இல்லை. ஃபோர்டின் பத்து கியர் பெட்டி கேட்பது மெர்கான் யு.எல்.வி.; அதற்கு முந்தைய ஆறு கியர் பெட்டி கேட்பது மெர்கான் எல்.வி. ஒன்றுக்கு மற்றொன்று ஆகாது. ராமிலேயே 68ஆர்.எஃப்.இ.க்கு ஏ.டி.எஃப்.+4, எட்டு கியர் பெட்டிக்கு முற்றிலும் வேறு ஆயில். ஜெனரல் மோட்டார்ஸ் 2005இல் கொண்டுவந்த டெக்ஸ்ரான்-6 தனக்கு முந்தைய டெக்ஸ்ரான் வகைகளின் இடத்தில் ஊற்றத் தக்கது. தலைகீழாகச் செய்யக் கூடாது. கையேட்டில் எந்தப் பெயர் இருக்கிறதோ அதே பெயர் டப்பாவில் இருந்தால் போதும். எந்த நிறுவனத்தின் டப்பா என்பது இரண்டாம் பட்சம்.

டிப்ஸ்டிக் இல்லாத வண்டி

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். டிப்ஸ்டிக் உள்ள வண்டியில் மட்டம் பார்ப்பது எளிது: சமதரை, சூடான ஆயில், ஓடும் எஞ்சின், எல்லா கியரிலும் ஒருமுறை லீவரைப் போட்டு எடுத்துவிட்டு பார்க் (P) நிலையில் நிறுத்திப் பார்க்க வேண்டும். கிறைஸ்லரின் பழைய டார்க்ஃப்ளைட் பெட்டிகளில் மட்டும் நியூட்ரலில் வைத்துப் பார்ப்பார்கள், பார்க்கில் அவற்றின் கன்வெர்ட்டர் நிரம்பாது.

டிப்ஸ்டிக் இல்லாத பெட்டியில் பக்கவாட்டுத் துளை வழியாக ஆயில் வழிவதை வைத்துத்தான் மட்டம் அறிய முடியும். அதுவும் குறிப்பிட்ட வெப்பத்தில் மட்டும். இசட்.எஃப். எட்டு கியர் பெட்டியில் அந்த எல்லை 30 முதல் 50 டிகிரி. இந்த ஆயில் 20 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு ஏறும்போது ஏறத்தாழ 4, 5 சதவீதம் விரிகிறது. 12 லிட்டரில் அது அரை லிட்டருக்கு மேல். சூடாக இருக்கும்போது துளையைத் திறந்தால் விரிந்த ஆயில் வழிந்து போகும். குளிர்ந்ததும் அரை லிட்டர் பற்றாக்குறை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, வண்டி சமமாக நிற்க, அடியில் படுத்து கைப்பம்பால் ஏற்றிக்கொண்டே வெப்பத்தையும் பார்க்க வேண்டும். வெப்பத்தைக் காட்டும் ஸ்கேனர் இல்லாமல் இதில் இறங்கவே கூடாது.

இப்படிப்பட்ட வண்டியில் கூலர் குழாய் வித்தையைத் தவிர்த்துவிடுகிறேன். குளிர்ந்த நிலையில் வடித்து, வந்ததைக் குடுவையில் அளந்து, அதே அறை வெப்பத்தில் இருக்கும் புது ஆயிலை அதே அளவு ஏற்றி, பிறகு துளையில் சரிபார்ப்பது பாதுகாப்பானது. வெளியே வந்ததும் உள்ளே போனதும் சமம் என்றால் பெரிய தவறு நேர இடமில்லை, முன்பிருந்த மட்டம் சரியாக இருந்தவரை. ஃபில்டரும் பேனும் ஒரே பிளாஸ்டிக் துண்டாக வரும் பெட்டிகளில் பேனையே புதிதாக மாற்ற வேண்டியிருக்கும். ஸ்கேனரும் இல்லை, சமமாகத் தூக்கவும் வழியில்லை என்றால் இந்த ஒரு வேலைக்குப் பட்டறைக்குப் போவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

எந்த வழியானாலும் ஒரு வரிசையை மாற்றாதீர்கள்: ஊற்றும் திருகு கழன்று வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வடிக்கும் திருகைத் தொட வேண்டும். ஊற்றும் திருகு துருப்பிடித்து இறுகிக்கிடப்பதை ஆயில் முழுதும் வடிந்த பிறகு கண்டுபிடித்தால், வண்டியை நகர்த்தக்கூட முடியாது.

முதல் சில நாள் கியர் மாறுவதில் சிறு தடுமாற்றம் தெரியலாம், பழைய ஆயிலுக்கேற்பப் பழகியிருந்த கணினி புதியதைக் கற்றுக்கொள்ளும் நேரம் அது. மறுநாள் காலை பேனுக்குக் கீழே ஒரு வெள்ளை அட்டையை விரித்துப் பாருங்கள். சிவப்புச் சொட்டு விழுந்திருந்தால் எந்த போல்ட் என்று அது காட்டிக்கொடுக்கும். வடித்த ஆயிலை மண்ணிலோ சாக்கடையிலோ விடாமல், புது ஆயில் வந்த டப்பாக்களிலேயே அடைத்துப் பழைய ஆயில் வாங்குமிடத்தில் கொடுத்துவிடலாம். அடைப்பதற்கு முன் எத்தனை லிட்டர் வெளியே, எத்தனை உள்ளே, என்ன ஆயில், எத்தனையாவது கிலோமீட்டர் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கையேட்டுக்குள் செருகிவிடுங்கள்.